பள்ளியில் கம்பளி ப்ராஜெக்ட்: கடலூர், புதுச்சேரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்கை வளங்களை வீணாக்காமல் பயன்படுத்துவது என்ற தலைப்பில் கம்பளியை எடுத்துக்கொள்ளும் மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகள் உள்ளன. 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை செய்யக்கூடிய வேலைகள் மட்டுமே இங்கே உண்டு.

கம்பளின்னா ஆட்டு முடிதானே? நம்ம தலைமுடிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டுமே கெரட்டின் என்ற புரதம்தான். வித்தியாசம் அமைப்பில் இருக்கிறது. கம்பளி இழை நேராக இருக்காது, சுருள் சுருளாக இருக்கும். அந்தச் சுருள்களுக்கு நடுவே காற்று தங்கும். வெப்பம் எளிதில் ஊடுருவாமல் தடுப்பது அந்தக் காற்றுதான், இழை அல்ல.

இழையின் மேல்பரப்பில் மீன் செதில் மாதிரி அடுக்குகள் உண்டு. சூடும் ஈரமும் உரசலும் சேர்ந்தால் இந்தச் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது. இதை நினைவில் வையுங்கள். கழுவும்போது வரும் முக்கால்வாசிச் சிக்கலுக்கு இதுதான் காரணம்.

எங்க தெருவுலேயே இருபது செம்மறி ஆடு நிக்குது. அதுல கம்பளி எடுக்க முடியாதா?

முடியாது. கடலூர், விழுப்புரம் பக்கம் அதிகம் வளர்வது மெட்ராஸ் ரெட் என்ற சிவப்புச் செம்மறி. அதன் உடம்பில் இருப்பது குட்டையான, விறைப்பான முடி. நூற்க வராது. இறைச்சிக்கும் எருவுக்கும் வளர்க்கிற இனம் அது, நம் வெயிலுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். படத்தில் வெள்ளைப் பஞ்சு மூட்டை மாதிரி ஆட்டை ஒட்டிவிட்டு "நம் ஊர் ஆடு" என்று எழுதாதீர்கள்.

தமிழ்நாட்டில் கம்பளி தரும் இனங்கள் உண்டு. மென்மையான கம்பளிக்கு நீலகிரிச் செம்மறி. 19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து உருவானது. முரட்டுக் கம்பளிக்குக் கோயம்புத்தூர் குறும்பையும் திருச்சி கருங்குறும்பையும். கருங்குறும்பை பெரம்பலூர் பக்கம் இருக்கிறது. திட்டக்குடி, வேப்பூர்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர்தான்.

ஃபேன்சி ஸ்டோர்ல உல்லன் நூல் வாங்கிட்டோம், அது போதாதா?

வாசல் தோரணமும் பொம்மையும் பின்ன விற்கும் உல்லன் நூல் பெரும்பாலும் அக்ரிலிக். பெட்ரோலியத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக் இழை அது. லேபிளில் "100% அக்ரிலிக்" என்று சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள். இயற்கை வளம் என்ற ப்ராஜெக்டின் நடு மேஜையில் அதை வைத்தால் மொத்த வேலையும் அடிபட்டுப் போகும். வாங்கியதைத் தூக்கிப் போட வேண்டாம். ஒப்பிட்டுக் காட்டும் சோதனைகள் எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும்.

எரிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்னு சொன்னாங்க. எப்படிச் செய்யணும்?

ஆசிரியர் முன்னிலையில் மட்டும், திறந்த இடத்தில். ஒரு எவர்சில்வர் தட்டில் மணல் பரப்பி நடுவில் மெழுகுவத்தி, பக்கத்தில் ஒரு மக் தண்ணீர். 5 சென்டிமீட்டர் நூலை இடுக்கியால் பிடித்துச் சுடரின் ஓரத்துக்குக் கொண்டு போங்கள்.

கம்பளி சுருங்கிப் பின்வாங்கும், மெதுவாக எரியும், சுடரை விட்டு எடுத்ததும் தானே அணையும். முடி கருகிய வாடை. மிஞ்சும் கறுப்பு உருண்டையை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி சட்டென்று பற்றிக்கொண்டு காகிதம் எரிந்த வாடை அடிக்கும், மென்மையான சாம்பல் மிஞ்சும். அக்ரிலிக் உருகிக்கொண்டே எரியும், கறுப்புப் புகை வரும், மிஞ்சும் உருண்டை கல் மாதிரி இறுகும். அந்த உருகிய சொட்டு கையில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே நூலை எப்போதும் தட்டுக்கு மேலேயே பிடிக்க வேண்டும்.

ஆடையில் தீப்பிடித்தால் கனமான கம்பளியால் போர்த்த வேண்டும் என்று முதலுதவிப் பாடத்தில் படிக்கிறோமே, அதன் காரணத்தை இந்தச் சோதனை கண்ணால் காட்டிவிடும். கண்காட்சி நாளில் மேஜையில் நெருப்பு வைக்காதீர்கள். எரித்த மாதிரிகளைச் சின்னக் கவரில் போட்டு சார்ட்டில் ஒட்டினால் போதும்.

அப்போ நிஜக் கம்பளி எங்கதான் கிடைக்கும்?

முதலில் வீட்டுப் பரணில் தேடுங்கள். டில்லியிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் வீட்டில் பழைய ஸ்வெட்டரும் சால்வையும் நிச்சயம் இருக்கும். லேபிள் பார்த்து, மேலே சொன்ன தீச் சோதனையும் செய்து உறுதிப்படுத்துங்கள். கையால் பின்னிய ஸ்வெட்டராக இருந்தால் தையலைப் பிரித்து நூலாகவே உருவலாம். பக்கத் தையல் ஓவர்லாக் அடித்திருந்தால் உருவ முயலாதீர்கள், நூல் துண்டு துண்டாகத்தான் வரும். அதைத் துணியாகவே பயன்படுத்துங்கள். புதிதாகக் காசு கொடுத்து வாங்குவதைவிட இது ப்ராஜெக்டின் தலைப்புக்கு ஆயிரம் மடங்கு நெருக்கமானது.

கழுவாத கம்பளிதான் வேண்டும் என்றால் கருங்குறும்பை வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். கத்தரித்த முடிக்கு விலை இல்லாததால் பல இடங்களில் அது குப்பைக்குத்தான் போகிறது. நீலகிரியில் சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பள்ளியின் கடிதத்தோடு எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு வகுப்புக்கு 500 கிராம் தாராளம்.

கழுவாத கம்பளியைப் பிள்ளைங்க தொடலாமா? நோய் வராதா?

நலமாக இருக்கும், உயிருள்ள ஆட்டிலிருந்து கத்தரித்ததை மட்டும் வாங்குங்கள். செத்த ஆட்டின் முடி எக்காரணம் கொண்டும் வேண்டாம். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் கிருமி வித்துகள் கம்பளியில் வருடக்கணக்கில் தங்கும், சோப்புத் தண்ணீருக்குச் சாகாது.

மூட்டையைப் பெரியவர்கள் வெளியில் வைத்துப் பிரிக்க வேண்டும், கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு. உண்ணி, முள், சாணிக் கட்டி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து, கழுவிக் காய்ந்த பிறகே பிள்ளைகள் கைக்குக் கொடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

சுடுதண்ணில போட்டு நல்லா அலசினோம், எல்லாம் கட்டி கட்டியா ஒட்டிக்கிச்சு. ஏன்?

"நல்லா அலசினோம்" என்பதில்தான் விடை இருக்கிறது. முதல் கேள்வியில் சொன்ன செதில்கள் மாட்டிக்கொண்டன. இனி அதைப் பிரிக்க முடியாது.

சரியான முறை இது. 100 கிராம் கம்பளியைக் கொசுவலைப் பையில் தளர்வாகப் போடுங்கள். 5 லிட்டர் தண்ணீர், 60 டிகிரி சூடு, பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு இரண்டு டீஸ்பூன். பையை மெதுவாக அமுக்கி மூழ்கவிட்டு 20 நிமிடம் தொடாமல் விடுங்கள். தண்ணீர் ஆறுவதற்கு முன் பையைத் தூக்கிவிட வேண்டும், ஆறினால் கரைந்த கொழுப்பு திரும்பவும் இழையில் படியும். அடுத்த தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்க வேண்டும். சூட்டிலிருந்து பச்சைத் தண்ணீருக்கு மாற்றுவதும் குழாயை நேராகத் திறந்துவிடுவதும்தான் இரண்டு பெரிய தப்புகள். சோப்பில் ஒரு முறை, வெறும் தண்ணீரில் இரண்டு முறை. முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் பரப்புங்கள். சலவை சோடா சேர்க்காதீர்கள், காரம் கெரட்டினை அரிக்கும்.

கழுவுவதற்கு முன்னும் காய்ந்த பின்னும் எடை போட்டுக் குறியுங்கள். குறைந்த எடை மண்ணும் வியர்வை உப்பும் லனோலின் என்ற கொழுப்பும். உதட்டுக் களிம்புகளில் சேர்க்கப்படுவது அந்தக் கொழுப்புதான். வேலை செய்யாமலே கிடைக்கும் நல்ல அட்டவணை இது.

தக்களியில நூத்தா அறுந்துக்கிட்டே இருக்கு. பருத்திக்கு நல்லா வந்துச்சே?

பருத்தித் தக்களி, அதாவது கையால் சுழற்றி நூற்கும் குச்சி, எடை குறைவானது, கம்பளிக்கு அந்தச் சுழற்சி போதாது. 40 முதல் 50 கிராம் எடை வேண்டும். 30 சென்டிமீட்டர் நீளத்தில் பென்சில் பருமன் குச்சி, பழைய சிடி இரண்டு, ஒரு திருகுக் கொக்கி போதும். ஒரு சிடி சுமார் 15 கிராம். சிடியின் ஓட்டை பெரிது, அதனால் குச்சியில் சைக்கிள் டியூப் பட்டையை இறுக்கிச் சுற்றி அதன் மேல் சிடிகளை ஏற்றுங்கள். கொக்கி குச்சியின் நடு மையத்தில் இல்லாவிட்டால் தக்களி தள்ளாடும்.

நூற்பதற்கு முன் இழைகளை ஒரே திசையில் சீவ வேண்டும். நாய் முடி சீவும் கம்பி பிரஷ் இரண்டு இருந்தால் போதும். நூல் வழுக்கிப் பிரிந்து அறுந்தால் முறுக்கு போதவில்லை. தானே சுருண்டு முடிச்சு விழுந்தால் முறுக்கு அதிகம். முரட்டுக் கருங்குறும்பையில் மெல்லிய நூலுக்கு ஆசைப்படாதீர்கள், சணல் கயிறு கனத்துக்கு நூற்றால் அருமையாக வரும்.

சாயம் போட நம்ம பக்கத்துல என்ன கிடைக்கும்? மஞ்சள்தூள் போட்டா வெளுத்துடுது.

மஞ்சள்தூள் வெயிலில் நிற்காது, அதன் இயல்பு அது. பண்ருட்டி இருக்கும்போது அதைத் தேட வேண்டியதே இல்லை. பலா மரம் அறுக்கும் பட்டறையில் விழும் மரத்தூள் அழுத்தமான பொன் மஞ்சள் தரும். பௌத்தத் துறவிகளின் காவி உடைக்கு நெடுங்காலம் சாயம் கொடுத்த மரம் அது. மஞ்சள்தூளைவிட நன்றாக நிற்கும்.

சாயம் இழையில் பிடிக்க முதலில் படிகாரம் வேண்டும், 100 கிராம் காய்ந்த கம்பளிக்கு 12 கிராம். வெந்நீரில் கரைத்து, ஈரமாக்கிய கம்பளியைப் போட்டு, முக்கால் மணி நேரத்தில் மெதுவாக 80 டிகிரிக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் வையுங்கள். கொதிக்கக் கூடாது. பாத்திரத்திலேயே ஆறட்டும். இன்னொரு பக்கம் 100 கிராம் பலா மரத்தூளை இரவு ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். சரியாக வடிகட்டாவிட்டால் தூள் இழைக்குள் புகுந்து கடைசிவரை வராது. அந்தச் சாற்றில் கம்பளியை அதே 80 டிகிரியில் ஒரு மணி நேரம். எவர்சில்வர் பாத்திரம் வேண்டும், இரும்புச் சட்டியில் செய்தால் பச்சை கலந்த மங்கல் நிறம் வரும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தாலும் இதே கதைதான், மழைத் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள்.

பழுப்பு வேண்டுமா? முந்திரிப் பருப்பின் மேல் இருக்கும் மெல்லிய செந்நிறத் தோல் நல்ல துவர்ச் சாயம். கவனம்: அந்தத் தோல் மட்டும். வெளி ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். சில்லு கலந்திருக்கலாம் என்பதால் கையுறை போட்டுப் பொறுக்குங்கள். ஓட்டல் சமையற்கட்டில் குவியும் வெங்காயத் தோலும் நன்றாக வரும்.

இயற்கைச் சாயம்தானே, மிச்சத் தண்ணியை வாய்க்கால்ல ஊத்தலாமா?

வேண்டாம். படிகாரத் தண்ணீர் புளிப்பானது, மீனுக்கு ஆகாது. அதே தண்ணீரில் பாதியளவு படிகாரம் சேர்த்து அடுத்த 100 கிராமுக்குப் பயன்படுத்துங்கள். கடைசியில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து வெறும் மண்ணில் ஊற்றலாம். மயில்துத்தம், டைக்ரோமேட் போட்டால் நிறம் பிரமாதமாக வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டும் நஞ்சு, பள்ளிக்குள் வரவே கூடாது.

கடற்கரை மணல்ல சாயவேர் இருக்கும்னு தாத்தா சொல்றாரு. தோண்டி எடுக்கலாமா?

தாத்தா சொல்வது உண்மை. சோழமண்டலக் கரையின் சிவப்புக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த செடி அது. பரங்கிப்பேட்டை போன்ற துறைமுகங்களிலிருந்து கப்பல் ஏறிய பருத்தித் துணிகளின் சிவப்பு அந்த வேரிலிருந்து வந்தது. ஆனால் வேரை எடுத்தால் செடி போய்விடும், ஒரு கைப்பிடிச் சாயத்துக்கு ஏராளமான செடிகள் வேண்டும். செடியைப் படம் எடுத்து, அடையாளம் எழுதி, ஏன் எடுக்கவில்லை என்று ஒரு பத்தி எழுதுங்கள். அந்தப் பத்தி எந்தச் சிவப்பு நூலையும்விட உங்கள் தலைப்பைச் சொல்லும்.

இவ்ளோ வெயில் அடிக்கிற ஊர்ல கம்பளி எதுக்கு சார்?

சூட்டை உள்ளே வைக்கிற பொருள் சூட்டை வெளியேயும் வைக்கும். தேங்காய்த்திட்டிலும் கடலூர் துறைமுகத்திலும் மீன் பெட்டிக்குத் தெர்மாகோல் படும் பாட்டைப் பாருங்கள். உடைந்து கடலுக்குப் போகிறது. அந்த வேலையைக் கம்பளி செய்யுமா என்று சோதிக்கலாம்.

ஒரே அளவு டிபன் பாக்ஸ் நான்கு, ஒவ்வொன்றிலும் 200 கிராம் ஐஸ். ஒன்றைச் சுற்றி 50 கிராம் கம்பளி, ஒன்றுக்கு 50 கிராம் பருத்தி, ஒன்றுக்கு 50 கிராம் அக்ரிலிக், கடைசி ஒன்று வெறுமனே. நிழலில் இரண்டு மணி நேரம் வைத்து, உருகிய தண்ணீரை வடித்து மில்லிலிட்டரில் அளவிடுங்கள். அடியிலும் சுற்ற மறந்தால் தரைச் சூடு எல்லாவற்றையும் ஒரே மாதிரி உருக்கிவிடும். மூடி சரியாக மூடாத பாக்ஸ் இருந்தாலும் கணக்கு கெடும். பாக்ஸுக்கு வெளியே நீர் கோத்துக்கொள்ளும்போது பருத்தி நனைந்து படிந்துவிடுவதைக் கவனியுங்கள். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. முடிந்ததும் ஒவ்வொரு சுற்றையும் எடை போட்டால் இன்னொரு அட்டவணை கிடைக்கும்.

மண்ணுல புதைச்சு ஒரு மாசம் ஆச்சு, கம்பளி அப்படியே இருக்கு. சோதனை ஃபெயிலா?

இல்லை. கெரட்டினைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன, மக்க நேரம் எடுக்கும். சாயம் போடாத பருத்திதான் முதலில் ஓட்டை விழும். கம்பளிக்கு மூன்று மாதமாவது கொடுங்கள். தேங்காய் நார் அதைவிடவும் தாங்கும். அக்ரிலிக் அப்படியே இருக்கும்.

கடற்கரை மணலில் புதைத்திருந்தால் நிச்சயம் ஒன்றும் நடக்காது, அதில் நுண்ணுயிர்கள் குறைவு. தோட்ட மண்ணோடு மக்கிய சாணி எரு கலந்து, வெங்காய வலைப் பையில் 5-க்கு 5 சென்டிமீட்டர் துண்டுகளைப் போட்டு, 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வையுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. மாதம் ஒரு முறை எடுத்துக் காயவைத்து, பிரஷ்ஷால் மண் தட்டி, நகைத் தராசில் எடை போடுங்கள்.

நூற்க லாயக்கில்லாத கழிவை என்ன பண்றது?

தொட்டிச் செடிக்கு. கம்பளியில் நைட்ரஜன் நிறைய, மெதுவாக வெளிவரும். 12 அங்குலத் தொட்டிக்கு 30 கிராம், மண்ணோடு கலந்து போடுங்கள். மேலே பரப்பினால் காக்கை கூடு கட்ட எடுத்துப் போய்விடும்.

ஆட்டைக் கொன்னுதானே கம்பளி எடுக்கறாங்க? என் பொண்ணு அழறா.

கத்தரித்துத்தான் எடுக்கிறார்கள், முடி மீண்டும் வளரும். கம்பளி இன ஆட்டுக்குக் கத்தரிக்காமல் விட்டால்தான் வேதனை, சூடு தாங்காது, ஈ மொய்த்துப் புழு வைக்கும். ஆனாலும் முழு உண்மையையும் சொல்லுங்கள். இறைச்சிக்கு வெட்டிய ஆட்டின் தோலிலிருந்து எடுக்கும் கம்பளியும் சந்தைக்கு வருகிறது. ஆஸ்திரேலிய மெரினோ ஆடுகளில் புழு வைப்பதைத் தடுக்கப் பின்பக்கத் தோலை வெட்டும் வழக்கம் பல பண்ணைகளில் இருக்கிறது, அதற்குக் கடும் எதிர்ப்பும் இருக்கிறது. கம்பளி எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

லேபிள்ல "கம்பளி 50, அக்ரிலிக் 50"னு போட்டிருக்கு. நிஜமான்னு எப்படிப் பாக்கறது?

தீச் சோதனை இங்கே குழப்பும், இரண்டு குணமும் சேர்ந்து வரும். ஆசிரியர் செய்ய வேண்டிய வேறு வழி உண்டு. காய்ந்த நூல் 1 கிராம் எடுத்து, கண்ணாடி டம்ளரில் வீட்டு பிளீச்சிங் திரவத்தில் மூழ்கவிடுங்கள். கம்பளி குமிழ் விட்டுக் கரைந்துவிடும், அக்ரிலிக்கும் பருத்தியும் மிஞ்சும். கரைந்து முடிந்ததும் மிச்சத்தைக் கழுவி, முழுதாகக் காயவைத்து எடை போடுங்கள். குறைந்த எடைதான் கம்பளியின் பங்கு. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கண்ணாடியும் கையுறையும் வேண்டும். அந்தத் திரவத்தோடு கழிப்பறை ஆசிட், வினிகர் எதையும் சேர்த்துவிடக் கூடாது, குளோரின் வாயு வரும்.

ஆடு மீத்தேன் விடுதே, அப்புறம் எப்படி இது நல்ல வளம்னு ஜட்ஜ் கேட்டா என்ன சொல்றது?

ஆமாம், விடுகிறது என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அசைபோடும் எல்லா விலங்கும் விடும். அளவுக்கு மீறி மேய்ந்தால் நிலமும் கெடும். "இயற்கையானது, ஆகவே நல்லது" என்று சொன்னால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

பிறகு நெய்வேலியைச் சொல்லுங்கள். அங்கே தோண்டும் பழுப்பு நிலக்கரி உருவாகப் பல லட்சம் ஆண்டுகள் ஆனது, எடுத்த இடத்தில் மீண்டும் வராது. அக்ரிலிக்கின் மூலப்பொருளான பெட்ரோலியமும் அப்படித்தான். கம்பளி அடுத்த பருவத்தில் மீண்டும் வளரும். ஆனால் அது வளரப் புல்லும் தண்ணீரும் மேய்ச்சல் நிலமும் இருக்க வேண்டும். அறுவடை முடிந்த காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வயல்களில் ஆடுகளை நிறுத்திக் கிடை போடுகிறார்களே, அங்கே ஆடு அறுத்த பயிரின் தாளை மேய்கிறது, நிலத்துக்கு எரு கிடைக்கிறது, தீவனத்துக்குத் தனியாக நிலம் தேவைப்படவில்லை. அந்த ஆட்டில் கம்பளி இல்லை, ஆனால் வளத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் நம் மாவட்டத்தில் இல்லை. கம்பளியை அதன் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.

எங்கயுமே கம்பளி கிடைக்கல. தலைப்பை மாத்திடலாமா?

மாற்றலாம். தேங்காய் நார், வாழைநார், பனை நார் எதையும் இதே சோதனைகளில் வைக்கலாம். நூற்பதற்குப் பதில் கயிறு திரியுங்கள். வேறு ஊரிலிருந்து பார்சலில் வரவழைத்த வெளிநாட்டுக் கம்பளியைவிட மேல்.

எப்ப ஆரம்பிச்சா நல்லது?

ஜூன் கடைசியில் மண்ணில் புதையுங்கள், அப்போதுதான் அக்டோபருக்குள் முடிவு கிடைக்கும். கழுவுவதும் சாயமும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் முடிய வேண்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கம்பளி நாள்கணக்கில் காயாது, பூஞ்சை பூக்கும். புயல் விடுமுறையில் பள்ளி அலமாரியில் மாட்டிக்கொண்ட மாதிரிகள் பெரும்பாலும் அந்துப்பூச்சிக்குத்தான் போகும்.

பத்திரப்படுத்துவதற்கு முன் நன்றாகக் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரீசரில் மூன்று நாள் வைத்து எடுங்கள், பூச்சி முட்டை செத்துவிடும். பை அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் கோத்து இழை நனையும். பிறகு இறுக்கி மூடும் டப்பாவில் இரண்டு துண்டு வசம்பு போட்டு வைத்து, மாதம் ஒரு முறை திறந்து உதறிப் பாருங்கள்.